சத்தம் நிறுத்திப் பார்த்த கும்மி

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி லாரி பேட்டரிக் கடை வைத்திருந்த முருகானந்தத்துக்கு ஒரு பித்து இருந்தது. கேபிளும் டிஷ்ஷும் இல்லாமல் காற்றில் வரும் அரசுத் தொலைக்காட்சியின் டிஜிட்டல் ஒளிபரப்பைக் கம்ப்யூட்டரில் பிடித்துப் பதிவு செய்வான். மொட்டை மாடியில் ஆண்டெனா, அதிலிருந்து இறங்கும் ஒயர், விரல் நீளத்தில் ஒரு டியூனர், அதைச் செருகிய பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான் சாமான். எந்த நிகழ்ச்சி எப்போது என்று சொல்லி வைத்துவிட்டால், அவன் கடையில் இருக்கும்போதே அது தானாகப் பதிவு செய்துகொள்ளும். குடியரசு தின அணிவகுப்பு, நாடகம், கச்சேரி, ஹாக்கி ஆட்டம் என்று சேர்த்துக்கொண்டே போனான். இதெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறதே என்று யாராவது கேட்டால், கிடைக்கிறது வேறு, நாமே பிடிக்கிறது வேறு என்பான். எங்கும் உடையாமல், விட்டுப்போகாமல் படம் விழுந்திருந்தால் அன்றைக்கெல்லாம் அவன் முகம் தெளிவாக இருக்கும்.

அவன் மனைவி சுகன்யா அந்த அறைக்குள் கூட்டிப் பெருக்க மட்டும்தான் வருவாள்.

மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு வீடு வெறிச்சென்று போயிற்று. போன ஆடியில் சுகன்யா வள்ளி கும்மி பழகப் போகட்டுமா என்று கேட்டபோது, போயிட்டு வா என்று சொன்னவன் முருகானந்தம்தான். கோவில் மைதானத்தில் சாயங்காலம் பயிற்சி. வாத்தியார் ஓர் அடி பாட, வட்டமாக நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே கைதட்டி, அடிவைத்துச் சுற்றி வர வேண்டும். வாத்தியாராக வந்தவர் சந்திரசேகர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். நல்ல உயரம். மைக் இல்லாமலே மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரல்.

கொஞ்ச நாளில் சுகன்யா ஆளே மாறிப்போனாள். அடுப்படியில் தோசை வார்க்கும்போது கால் தானாக அடிவைக்கும். சோறு போடும்போது வாத்தியார் அதைச் சொன்னார், வாத்தியார் இதைச் சொன்னார் என்று பேச்சு நீளும். முருகானந்தம் ரசத்தைப் பிசைந்துகொண்டே 'ம்' என்பான். தன்னிடம் இத்தனை வருஷத்தில் இப்படி மூச்சுவிடாமல் பேசியிருக்கிறாளா என்று யோசிப்பான். தான் பேசவிட்டோமா என்ற கேள்வியும் கூடவே வரும். அதை ஒதுக்கிவிடுவான்.

ஐப்பசியில் ஒருநாள் மழை வரும்போல இருந்ததால் குடையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். வட்டத்தின் நடுவில் நின்ற சந்திரசேகர் அவளிடம் ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவனுக்குத் தெரிந்த சிரிப்பு அது. குடையைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டான். அவள் நனைந்துகொண்டே வந்து, தலையைத் துவட்டியபடி மழையைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினாள். அதுவும் அவனுக்கு எரிந்தது.

பொங்கலுக்கு முன்பு தொலைக்காட்சிக்காரர்கள் வந்து குழுவின் கும்மியைப் படம் பிடித்துப் போனார்கள். பொங்கல் வாரத்தில் ஒரு மத்தியானம் ஒளிபரப்பாகும் என்றார்கள். ஊரில் பதிவு செய்யத் தெரிந்தவன் முருகானந்தம் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் அவனிடம் சொன்னார்கள். சுகன்யாவும் முதல்முறையாகக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்று, படம் நல்லா விழுமுங்களா என்று கேட்டாள். அவன் இத்தனை காலமாக அவளிடமிருந்து எதிர்பார்த்திருந்த கேள்வி. இப்போது அது வேறொருவரின் பாட்டுக்காக வந்தது.

ஒளிபரப்பு நாளன்று குழுப் பெண்கள் எல்லோரும் பக்கத்து வீட்டு வசந்தாமணியக்கா வீட்டில் கூடிவிட்டார்கள். முருகானந்தம் பதிவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தன் அறையிலேயே இருந்தான். ஆண்டெனாவைக் காலையிலேயே திருப்பிச் சரி செய்திருந்தான். படம் கண்ணாடிபோல வந்தது. பச்சைச் சேலையில் பெண்கள் சுற்றி வந்தார்கள். சுகன்யா அழகாக ஆடினாள். அவனுக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. நடுவில் ஒரு லாரிக்காரர் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போனில் பிடித்துக்கொண்டார். பேசிக்கொண்டே திரையைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சுகன்யா தலையைத் திருப்பிச் சந்திரசேகரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் சிரித்தாள். வட்டம் சுழன்று அவளை மறைத்துவிட்டது.

மறுநாள் முதல் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தான். ஒரே பாட்டு மறுபடி மறுபடி ஓடினால் அடுப்படியில் இருக்கும் சுகன்யாவுக்குத் தெரிந்துவிடுமே என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். வேகத்தைக் குறைத்தான். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தினான். கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துபோன பார்வை அப்படி நகர்த்தினால் முடிவதே இல்லை. அவள் தலை மெல்லத் திரும்புகிறது. கண் மெல்ல உயர்கிறது. உதடு ஏதோ சொல்லைச் சொல்கிறது. அது என்ன சொல் என்று கண்டுபிடிக்கத் தன் உதட்டையும் அப்படியே அசைத்துப் பார்த்தான். கடையில் ஆசிட் ஊற்றும்போதும் அந்த முகம்தான் முன்னால் நின்றது. ஒரு பேட்டரிக்கு ஒயரை மாற்றிக் கொடுத்து, டிரைவரிடம் வசவு வாங்கினான்.

குழுவில் எல்லோருக்கும் பதிவின் பிரதி ஒன்று வேண்டும் என்று சுகன்யா நினைவுபடுத்திக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தான். முன்னும் பின்னும் பெண்கள் சுற்றுவதுதான் என்பதால், ஒட்டுப்போட்டது தெரியவில்லை. பென் டிரைவ்களில் ஏற்றியபிறகு மூலப் பதிவையும் அழித்தான். இனிமேல் அது எங்கேயும் இல்லை என்று நினைத்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தான். ஆகவில்லை. அழித்ததை மனசு தானாகவே ஓட்டிக் காட்டியது.

இரண்டொரு நாளில் வசந்தாமணியக்கா வந்தார். சுகன்யா காபி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் அருமையாக வந்திருக்கிறது, ஆனால் முக்கியமான இடத்தைக் காணோம் என்றார் அக்கா.

"எந்த இடங்க்கா?" என்றான் முருகானந்தம்.

"சுகன்யா பாடற இடந்தான் தம்பி. அன்னிக்கு டிவில பாத்தமே."

சிக்னல் விட்டுப்போயிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தான். அக்கா நம்பி, அடடா என்று வருத்தப்பட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார். சுகன்யா நம்பவில்லை. அவன் பதிவில் எதுவும் விட்டுப்போகாது என்பதை அவனே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தானே.

"ஏனுங்க, நீங்களா வெட்டுனீங்க?" என்று கேட்டாள்.

அவன் அக்கா குடித்துவிட்டுப் போன டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான். அவள் போகாமல் அங்கேயே நின்றாள். கடைசியில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ அந்தாளப் பாத்துச் சிரிச்சே. என்னமோ சொன்னே. ஊரே அதப் போட்டுப் போட்டுப் பாக்கோணுமா?"

சுகன்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போயிற்று.

"அவருக்குப் பாட்டு மறந்து போச்சுங்க. கேமராவப் பாத்ததும் அடுத்த அடி வர்ல. நாந்தான் எடுத்துப் பாடுனேன். ஒத்த அடி, நான் மட்டும். அப்பறந்தான் அவரு புடிச்சுக்கிட்டாரு." அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க கேக்கவே இல்லீங்களா?"

ஒளிபரப்பின்போது காதில் லாரிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பார்த்த அத்தனை தடவையும் சத்தமே இல்லை. முருகானந்தம் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். அழித்ததை மீட்டு எடுக்க முடியுமா என்று அன்று பொழுது சாயும்வரை கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினான். அழித்த பதிவு இருந்த இடத்தில் அதற்குள் வேறு ஏதோ கச்சேரி தானாகப் பதிவாகியிருந்தது. சுகன்யா அவனோடு சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள், பேசவில்லை. பயிற்சிக்கும் போகவில்லை. அது அவனை இன்னும் வாட்டியது.

தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் போட்டு, ஆள் மாற்றி ஆள் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுஒளிபரப்பு உண்டு என்று தெரிந்துகொண்டான். அதை அவளிடம் சொன்னபோது, எல்லாரையும் இங்கேயே வரச் சொல்லப்போகிறேன், வாத்தியாரையும்தான் என்றாள். அவன் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன அறை நிறைந்து கூடம்வரை ஆட்கள் உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டரை ஸ்பீக்கரோடு இணைத்துச் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தான். சந்திரசேகர் வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கிட்டத்தில் பார்த்தால் முடிக்குச் சாயம் அடித்திருப்பது தெரிந்தது. அதில் முருகானந்தத்துக்கு ஓர் அற்ப சந்தோஷம் வந்தது, அதற்காக வெட்கமும் வந்தது.

பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. சந்திரசேகரின் குரல் சட்டென்று நின்றது. கைதட்டல் மட்டும் வெறுமனே ஓடியது. பிறகு ஒரு பெண் குரல், கொஞ்சம் நடுங்கி ஆரம்பித்து, அடி முடிவதற்குள் திடமாகி மேலே ஏறியது. முருகானந்தம் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. அவளுக்கு இப்படித் தனித்துப் பாட வரும் என்பதே அவனுக்குத் தெரியாது. அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"உங்க ஊட்டம்மா இல்லீன்னா அன்னிக்கு என் மானம் போயிருக்குமுங்க," என்றார் சந்திரசேகர்.

முருகானந்தம் தலையாட்டினான். சந்தேகம் போய்விட்டது. ஆனால் நெஞ்சு ஆறவில்லை. இந்தக் குரலை இந்த மனிதர் மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறார், வசந்தாமணியக்கா கேட்டிருக்கிறார், மைதானத்தில் சும்மா நின்றவர்களெல்லாம் கேட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தான் கடைசி ஆளாகக் கேட்கிறோமே என்று நினைத்தான்.

எல்லோரும் போனபிறகு அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் போய் நிலைப்படியில் நின்றான்.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றான். அவள் அடுத்த டம்ளரை எடுத்தாள். பிறகு கேட்டான். "அவரப் புடிக்குமா உனக்கு?"

"இத மொதல்லயே கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன்." கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "பாடறதுக்குப் புடிக்கும். அவரு பாட்டுக்குப் பதில் பாட்டுப் பாடப் புடிக்கும். அதுக்கு மேல ஒண்ணுமில்லீங்க. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

நம்புகிறேன் என்றான். நாளைக்குப் பயிற்சிக்குப் போ என்றும் சொன்னான். போகச் சொல்ல வேண்டியதில்லை, நானே போவதாகத்தான் இருக்கிறேன் என்று அவள் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் கடையைக் கொஞ்சம் சீக்கிரமாகச் சாத்திவிட்டு, அவளை வண்டியில் மைதானத்தில் கொண்டுபோய் விட்டான். திரும்பிப் போகாமல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தான். சந்திரசேகர் பாட ஆரம்பித்தார். வட்டம் சுற்றியது. சுகன்யா அவரைப் பார்த்துச் சிரித்தபோது வழக்கம்போல அவனுக்கு எரிந்தது. அது அவ்வளவு சீக்கிரம் போகாது என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் குரல் எது என்று அத்தனை குரல்களுக்கிடையே தேடிக்கொண்டு, பயிற்சி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.