சத்தமில்லாப் பெட்டி

சத்தமே வராத கம்ப்யூட்டர் வேணுமா, ஆனையூர் சோலைகிட்டப் போங்கன்னு மதுரையில பல பேரு சொல்லுவாக. அந்தச் சோலை என் வீட்டுக்காரருதான். அவருக்கு மெல்லிசுச் சத்தம் எதுவுமே கேக்காது. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம்.

காதைக் கெடுத்தது, திருவிழாவுக்குப் பாட்டுப் போட பரவையில அவரு வச்சிருந்த ரேடியோ செட்டு. பதினெட்டு வயசுல குழாய் ஸ்பீக்கர் கட்ட ஆரம்பிச்ச மனுசன். ஊருல கோயில் பொங்கலுக்குச் சாட்டிட்டா அந்தக் குழாய்க்கு அடியிலயே சோறு, அங்கயே தூக்கம். அப்புறம் அதை விட்டுட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துட்டாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால, கொசு காதுகிட்ட வந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குதேன்னு டாக்டர்கிட்டப் போனோம். விசில் மாதிரி சத்தமெல்லாம் போயிருச்சு, இனி திரும்பாது, பேச்சு கேக்குதுல்ல, அதைக் காப்பாத்திக்கங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கன்னாரு. அதுக்கப்புறம் இவரு அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல.

வேலையில அவரு கெட்டிக்காரரு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்க வர்றவுக, ஹால்ல டிவிக்கு அடியில வச்சுப் படமும் பாக்கணும், கேமும் ஆடணும், பெட்டி கண்ணுக்கே தெரியக் கூடாதும்பாக. ரெண்டு செருப்பு டப்பா அளவு பெட்டிக்குள்ள அம்புட்டையும் அடக்கிருவாரு. காத்து எந்தப் பக்கம் நுழைஞ்சு எந்தப் பக்கம் வெளியேறணும்னு பேப்பர்ல கோடு போட்டுப் பாப்பாரு. ஃபேன் அதிராம இருக்க, பழைய சைக்கிள் ட்யூப வட்ட வட்டமா வெட்டி ஒவ்வொரு திருகாணிக்கும் அடியில வைப்பாரு.

ஆனா காது என்னோடது. மத்தியானத்துல ஃப்ரிட்ஜையும் சீலிங் ஃபேனையும் நிறுத்தி, சன்னலைச் சாத்தி, தரையில படுத்துப் பெட்டிகிட்டக் காதை வைப்பேன். கீழ் ஃபேன் உறுமுதுன்னு சொன்னா அதைத் தளர்த்துவாரு. வலது பக்கம் கிர்ருங்குதுன்னா வேற ஃபேன் மாத்துவாரு. நான் சரின்னு சொல்ற வரைக்கும் மூடிய மூட மாட்டாரு. வாங்குனவுக வீட்டுல கொண்டுபோய் வைக்கிறப்பவும் நான் கூடப் போவேன். அங்க வாயத் திறக்கிறதில்ல. சத்தம் இருந்தா முந்தானைய இழுத்துத் தோள்ல போட்டுக்குவேன். உடனே இவரு குனிஞ்சு, "ஒரு நிமிசம் சார், என் காதுல என்னமோ படுது"ம்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பொறுத்துக்குவேன்.

புதன்கிழமை பொறுக்க முடியல. பரவை மார்க்கெட்டுல வெங்காய மண்டி வச்சிருக்கிற முத்திருளன் பெட்டி வாங்க வந்திருந்தான். "எப்பிடிண்ணே இம்புட்டுச் சத்தமில்லாமச் செய்யிறீக?"ன்னு கேட்டான். "என் காதுகிட்டயிருந்து ஒன்னும் தப்ப முடியாது மாப்ள"ன்னாரு இவரு. "அண்ணி ஒத்தாசை பண்ணுவாகளோ?"ன்னான் அவன்.

"அவளா? டீ போட்டுத் தருவா."

அந்த டீயக் கையில வச்சுக்கிட்டு வாசப்படியில நிக்கிறேன் நான். டம்ளரை மேசையில வச்சுட்டு உள்ள போனவதான். அதுக்கப்புறம் மூணு நாளு ஒரு வார்த்தை பேசல. தட்டை முன்னால வைப்பேன், முகத்தைத் திருப்பிக்குவேன். அவரும் என்னைச் சமாதானப்படுத்த வரல. திருதிருன்னு முழிச்சுக்கிட்டு என் பின்னாலயே சுத்திக்கிட்டிருந்தாரு. திமிரப் பாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

சனிக்கிழமை விளாங்குடியில இன்பசேகரன் சார் வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோகணும். வீட்டுல அதுகிட்ட நான் காதை வச்சுப் பாக்கவே இல்ல. ஏறு வண்டியிலன்னு கையைக் காட்டுனாரு. ஏறுனேன். மனசுக்குள்ள ஒன்னு முடிவு பண்ணியிருந்தேன். இன்னைக்கு முந்தானையத் தொடவே மாட்டேன். இது யாரு காதுன்னு அவரு வாயால நாலு பேரு முன்னால சொல்லணும். சொல்லலன்னா இந்தத் தொழிலை அவரே பாத்துக்கட்டும்.

இன்பசேகரன் சார் மிஷன் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவரு. அவரு வீட்டம்மா பிலோமினாள் டீச்சரும் அதே பள்ளிக்கூடம். ரெண்டு பேருக்கும் எழுபதைத் தொடுது. ஒரே மக ரூத்துக்கு ஒத்தைத் தலைவலி. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்துல தலைவலி கிளம்புதுன்னு அதை எடுத்துட்டாங்களாம். அவதான் சத்தமில்லாத பெட்டி வேணும்னு எங்களைத் தேடிப் பிடிச்சது. ஆபீஸ் போயிருக்கா, ஆறு மணிக்கு வந்துருவா, அதுக்குள்ள எல்லாம் தயாரா இருக்கணும்னு சார் சொன்னாரு.

நாங்க போனப்ப மணி நாலு. டிவிக்கு அடித் தட்டுல பெட்டிய வச்சு வயரெல்லாம் மாட்டி முடிக்கிறப்ப நாலே முக்கால். சார் சீலிங் ஃபேனை நிறுத்துனாரு, டீச்சர் ஃப்ரிட்ஜை நிறுத்துனாங்க. சித்திரை வெயிலு, நிமிசத்துல எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது. படம் ஒன்னைப் போட்டுச் சத்தத்தை மூடுனாரு இவரு. ஒன்னுமில்ல, சுத்தமா இருந்துச்சு. அப்புறம் கேமைத் திறந்தாரு. ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தி வர்ற முதல் படம் டிவியில வந்து நின்னுச்சு.

விசில் வந்துருச்சு. ஃபேன் இல்ல, உள்ள இருக்கிற கிராபிக்ஸ் கார்டுலருந்து வருது. ஊசியாட்டம் மெல்லிசா, விடாம, நெத்திப் பொட்டுல வந்து குத்துது. எனக்கே தாங்கல.

இவரு என்னைப் பாத்தாரு. நான் செவுத்துல இருந்த ஏசுநாதர் படத்தைப் பாத்தேன். மறுபடி பாத்தாரு. என் கை மடியிலயே கிடந்துச்சு.

"என்ன தம்பி, சரியா இருக்கா?"ன்னு சார் கேட்டாரு.

இவரு தொண்டையச் செருமிக்கிட்டாரு. "சுத்தமா இருக்கு சார். ஒரு பொட்டுச் சத்தமில்ல."

சாரும் டீச்சரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டாக. வயசானவுக, அவுகளுக்கும் அந்த விசில் கேக்கல. அந்த ஹால்ல நாலு பேரு இருக்கோம், எனக்கு மட்டும் மண்டை இடிக்குது. டீச்சர் என் பக்கத்துல வந்து உக்காந்து, "எம் பொண்ணு ரெண்டு வருசமா ஒரு படத்தை முழுசாப் பாத்ததில்லம்மா. பாதியில தலையப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிரும். இன்னைக்குப் பாப்பா"ன்னாங்க. டிவி பக்கத்துல மாத்திரை அட்டை ஒன்னு பாதி காலியாக் கிடந்துச்சு. சன்னல்ல கெட்டியான கருப்புத் திரை.

மணி அஞ்சேகால். முந்தானைய இழுத்து விட்டா முடிஞ்சுபோச்சு, இவரு "என் காதுல படுது"ன்னு சரி பண்ணிருவாரு. நானும் பழையபடி டீ போடப் போகலாம். இழுக்கலன்னா ஆறு மணிக்கு வர்ற பிள்ளைக்குத் தலைவலி. எனக்கும் அவருக்கும் உள்ள சண்டைக்கு ஊரான் பிள்ளை என்ன பண்ணும்? என் மேலயே எனக்கு வெறுப்பா வந்துச்சு.

எந்திரிச்சு நின்னு, வேணும்னே உரக்கச் சொன்னேன். "விசில் வருது சார்."

மூணு பேரும் திரும்புனாக. இவரு என் முகத்தைப் பாக்கல, என் வாயப் பாத்தாரு. கோவப்படுவாருன்னு நினைச்சேன். கோவமில்ல, வேற என்னமோ, கண்ணெல்லாம் கலங்குன மாதிரி இருந்துச்சு. அப்புறம் சார் பக்கம் திரும்பி, "விசிலா? இல்லையே சார். இவளுக்கு இதெல்லாம் தெரியாது"ன்னாரு.

அந்தா சொல்லிட்டாரு.

சார் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. வாத்தியாருல்ல, சண்டைய வளர்க்கல. "பரிசோதனை பண்ணிட்டாப் போச்சு"ன்னாரு. ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கிட்டாரு. "கேம் படம் இருந்தா விசில் வருது, மூடுனா நிக்குது. அப்பிடித்தானம்மா? நீ செவுத்தைப் பாத்து உக்காரு. நான் மாத்தி மாத்தி வைக்கிறேன். வருதா இல்லையான்னு மட்டும் சொல்லு."

செவுத்தைப் பாத்து உக்காந்தேன். வருது. இல்ல. வருது. வருது. திண்டுக்கல் ரோட்டுல ஒரு பஸ்ஸு ஹாரனை அமுக்கிக்கிட்டே போச்சு, அது போற வரைக்கும் கையத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். அப்புறம், இல்ல. சார் காகிதத்தை டீச்சர்கிட்டக் காட்டுனாரு. அஞ்சும் சரி. நடுவுல ஒருதரம் மாத்தாம அப்படியே விட்டும் பாத்திருக்காரு.

"இப்ப நீங்க உக்காருங்க தம்பி."

இதுக்குத்தான நான் ஆசைப்பட்டேன், மூணு நாளா இதைத்தான நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். அவரு செவுத்தைப் பாத்து உக்காந்து கண்ணை மூடிக்கிட்டாரு. முதுகுச் சட்டை வேர்வையில ஒட்டிக் கிடக்கு. கழுத்தைச் சாய்ச்சு, மூச்சைப் பிடிச்சு, முழு உடம்பாலயும் கேக்கப் பாக்குறாரு. ஆனா இப்ப, வேணாம் சார், விட்டுருங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"வரல"ன்னாரு. விசில் என் மண்டையக் குடையுது.

சார் மூடுனாரு. "வருது"ன்னாரு.

சார் மறுபடி திறந்தாரு. இவரு கண்ணைத் திறந்து, எந்திரிச்சு, சார் முன்னால வந்து நின்னாரு.

"மன்னிச்சுக்கங்க சார். எனக்கு ரெண்டு வருசமாவே இந்தச் சத்தம் கேக்காது. பெட்டி அடக்குறது மட்டுந்தான் நான். கேக்குறது இவ. இவ காதை வச்சுத்தான் நான் பேரு வாங்குனேன். யார்கிட்டயும் சொன்னதில்ல, வெக்கமா இருந்துச்சு. இவளையும் சொல்ல விடல."

டீச்சர் எழுந்து ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. "எங்களுக்கும்தான் கேக்கலப்பா, குடி"ன்னாங்க.

நான் ஜெயிச்சுட்டேன். அவரு தண்ணி குடிக்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். சந்தோசமா வரும்னு நினைச்சது எதுவும் வரல.

மணி அஞ்சரை தாண்டிருச்சு. இவருக்கு விசயம் புரிஞ்சுபோச்சு. அந்த முதல் படத்துல வேலையே இல்லாட்டியும் கார்டு தலைதெறிக்க ஓடுது சார், செகண்டுக்கு நூத்துக்கணக்குல படம் வரைஞ்சு தள்ளுது, உங்க டிவிக்கு அறுபது போதும், கடிவாளம் போட்டுட்டா அடங்கிரும்னு சொல்லிக்கிட்டே சோபாவுல உக்காந்து கீபோர்டை மடியில வச்சுக்கிட்டாரு. நான் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்துல படுத்துத் தலைய அடித் தட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன்.

"நூத்தி இருபது வச்சிருக்கேன். இப்ப?"

"குறைஞ்சிருக்கு, நிக்கல"ன்னு உரக்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் தட்டுனாரு. "இப்ப?"

விசில் நின்னுருச்சு. காதைப் பெட்டியில ஒட்டிப் பாத்தேன். காத்து போறதுகூடத் தெரியல. எனக்கு நிம்மதியில குரல் தாழ்ந்துபோச்சு. "போயிருச்சுங்க"ன்னேன்.

"இப்ப, மீனா?"

"போயிருச்சுன்னு சொல்றேன்ல."

"மீனா, இப்ப வருதா இல்லையா?"

நான் தலைய வெளிய எடுத்துப் பாத்தேன். நாலடி தூரம். ஃபேன் இல்ல, ஃப்ரிட்ஜு இல்ல, ஊசி விழுந்தாக் கேக்கும். என் முகம் தெரியுதான்னு எட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. டீச்சர் அவரையும் என்னையும் பாத்துட்டு, பள்ளிக்கூடக் குரல்ல, "நின்னுருச்சாம் தம்பி"ன்னாங்க. அதுக்குத்தான் தலைய ஆட்டுனாரு.

ரூத் வர்றதுக்கு முந்தியே கிளம்பிட்டோம். வாசல்ல வண்டியில சாமான் பையை மாட்டிக்கிட்டே, "மீனா, ஒன்னு கேக்கட்டா? மூணு நாளா நீ பேசிக்கிட்டுத்தான இருந்த?"ன்னு கேட்டாரு.

எனக்கு ஒன்னும் புரியல. அவருக்கு நேரா நின்னு சொன்னேன். "இல்ல. டீ போட்டுத் தருவான்னு சொன்னீகள்ல, அந்தக் கோவத்துல வாயவே திறக்கல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

வண்டி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "நீ அடுப்படியில திரும்பியே நின்ன. தட்டு வைக்கிறது கேட்டுச்சு, பாத்திரம் உருட்டுறது கேட்டுச்சு. உன் சத்தம் மட்டும் வரல. ஒரு வருசமாவே முதுகுப் பக்கம் நீ பேசுனா சரியா வராது. இப்ப உன் குரல் மொத்தமாப் போயிருச்சுன்னு நினைச்சுட்டேன். பேசுனியான்னு உன்கிட்டக் கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டுக் கிடந்தேன். உள்ள நீ விசில் வருதுன்னு சொன்ன பாரு, அது காதுல விழுந்துச்சு. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு."

எனக்கு அழுகை வந்துருச்சு, ரோட்டுல போறவுக பாக்குறாகன்னுகூட நினைக்கல. ஒரு வருசமா நான் கூப்பிட்டு அவரு திரும்பாததுக்கெல்லாம் திமிருன்னு பேரு வச்சு, எத்தனை சண்டை போட்டிருப்பேன். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை காலையில காது டாக்டர்கிட்டப் போறோம்"னு அவரு முகத்துக்கு நேரா சொன்னேன். சரின்னாரு.

வண்டியில ஏறி உக்காந்ததும் பேச ஆரம்பிச்சேன். மூணு நாளுப் பேச்சும் மிச்சமில்லாம, அவரு தோள்ல முகத்தை வச்சுக்கிட்டு, ஆனையூர் வர்ற வரைக்கும் பேசுனேன். லாரியும் பஸ்ஸும் போற ரோட்டுல அவருக்கு ஒன்னும் விழுந்திருக்காது. தெரிஞ்சுதான் பேசிக்கிட்டு வந்தேன்.