துணிக்கடைக் குழாய்கள்

திரைச்சீலைப் பிரிவில் துணி அளக்கும் பெண்ணுக்குச் சிறுநீர் முட்டும்போதெல்லாம் அந்த நான்கு மாடிக் கடையின் குழாய்கள் தாமாகவே திறந்துகொண்டன. அவள் கால்மாற்றி நின்றால் கைகழுவும் தொட்டியில் ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் கட்டடத்தில் உள்ள அத்தனையும். நெட்டையாக, விறைப்பாக நிற்பதால் அவளைக் கெஜக்கோல் என்பார்கள். பணியாளர் கழிப்பறை மொட்டைமாடியில் இருந்தது, சாவி சூப்பர்வைசரின் சட்டைப்பையில். கேட்டால், வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி, "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பதினொரு வருஷம் அடக்கிப் பழகியிருந்தாள்.

குழாய்கள் திறக்க ஆரம்பித்ததும் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். அடுத்த வாரமே நீர்க்கடுப்பு கண்டது. குழாய்களில் கொதிநீர் வந்து இருவர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினாலே கசியும் என்பதால் கறுப்பு உடையே உடுத்தினாள், நாற்றம் வருமோ என்று எல்லாரிடமும் இரண்டடி தள்ளியே நின்றாள். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. குழாய் ரிப்பேர்காரர் மூன்று நாள் வாஷர் மாற்றிப் பார்த்துவிட்டு, அவள் மொட்டைமாடிக்குப் போய்வந்ததும் தண்ணீர் நிற்பதைக் கவனித்தார். பக்கத்தில் வந்து, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது குழாய்க் கோளாறு இல்ல" என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பிரிவே திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனாள்.

மருத்துவமனையில் வாய் திறக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். "தண்ணியும் குடிக்காம, வந்ததையும் அடக்கி வெச்சா, உள்ள கிருமி தங்கிப் பெருகும். அதான் எரிச்சல். மாத்திரைய பாதியில நிறுத்திடாதீங்க. இருமினா கசியறது வேற விஷயம், பிரசவத்துல இடுப்புக்கு அடியில தாங்கற தசை தளர்ந்திருக்கு. பயிற்சி சொல்லித் தரேன், செஞ்சா இறுகும். சர்க்கரையும் ஒரு தடவ பாத்துடலாம்."

"எனக்கு மட்டுந்தான் இப்படியா, டாக்டர்?"

"வெளிய வரிசைல உக்காந்திருக்காங்களே, பாதிப் பேருக்கு இதான். ஆம்பளைங்களுக்கும் உண்டு. வயசானா மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி வீங்கி வழிய அடைக்கும், சொட்டுச் சொட்டாத்தான் வரும்."

ஒரு மாதத்தில் எரிச்சல் நின்றது. வேலைக்குத் திரும்பிய அன்று அவளுக்கு முட்டவில்லை. ஆனாலும் முதலாளி அறைக் குழாய் விட்டு விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் கதவருகே நின்றாள். காது மடல் சுட, தரையைப் பார்த்தபடியே உள்ளே போய், "ஐயா, டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. நானும் காட்டினேன்" என்றாள். எழுபது வயதுக்காரர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். "வீட்ல யாருக்கும் தெரியாதும்மா" என்றார் கடைசியில். அவர் குரலிலும் தன்னுடைய அதே கூச்சம் இருந்தது அவளுக்குக் கேட்டது. மறுநாள் கழிப்பறைப் பூட்டைக் கழற்றச் சொன்னார்; ஒவ்வொரு மாடியிலும் ஒரு கழிப்பறை கட்டவும் ஆள் வந்தது.

குழாய்கள் இன்றும் திறந்துகொள்கின்றன, யாருக்கு முட்டினாலும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒருவர் துணியை அப்படியே வைத்துவிட்டு நகர்கிறார், பக்கத்தில் இருப்பவர் வழிவிடுகிறார், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது.