செத்தவர் மேல் ஒரு வழக்கு

ஐகோர்ட் படிகளை முருகம்மாள் இரண்டிரண்டாகத் தாண்டினாள். ஐம்பத்தாறு வயசு முழங்கால் அன்றைக்கு வலிக்க மறந்துவிட்டது. தாராவியில் அவளுடைய பெல்ட் பக்கிள் பட்டறையைப் பூட்ட, திங்கட்கிழமை கோர்ட் ஆள் வருவான். இன்று வெள்ளி. கீழே இரண்டு கோர்ட்டிலும் தோற்றாயிற்று.

பின்னாலேயே பட்டறை ஆட்கள் ஏழு பேர், பாலிஷ் கறை போகாத கையோடு, சாட்சி சொல்ல வந்துவிட்டார்கள். வக்கீல் அஸ்ரின், செம்பூரில் ஆபீஸ் வைத்திருக்கும் சீத்தா கேம்ப் தமிழ்ப் பெண், அவர்களை வராந்தாவிலேயே நிறுத்தினாள். இங்கே சாட்சியெல்லாம் கேட்க மாட்டார்கள். கீழ்க்கோர்ட் சட்டத்தில் சறுக்கியிருந்தால் மட்டும் பார்ப்பார்கள், அதுவும் ஜட்ஜுக்குத் தோன்றினால்தான் கேஸையே எடுப்பார் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

“எடுக்கலைன்னா?” என்றான் மிஷின் ஓட்டும் வேல்ராஜ்.

“அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துருவோம்.”

சறுக்கல் புதன்கிழமைதான் அஸ்ரின் ஆபீஸில் அகப்பட்டது. வழக்கு முருகம்மாளின் புருசன் பூலோகம் மேல். முதல் வக்கீலுக்கு எழுதிக் கொடுத்த வக்காலத்தில் இருந்த தமிழ்க் கையெழுத்தோ வேறு பேர். அதைப் படிக்க இத்தனை நாள் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

“அக்கா, பூலோகம் எங்க?” என்றாள் அஸ்ரின்.

“அவுகளா? செத்து ஒம்பது வருசமாச்சு.”

பட்டறையைக் காலி பண்ணச் சொல்லி இடத்து ஓனர் கேஸ் போட்டே ஆறு வருசம்தான். அஸ்ரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “இத ஏன் யார்ட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கலையே.”

வாடகை ரசீதில் பெயர் மாற்றப் போனால் ஓனர் புதுசாகப் பகடி என்று ஒரு பெருந்தொகை கேட்பான். அதனால் அந்தச் சந்தில் செத்தவர்கள் இன்னமும் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள். புருசன் பேருக்கு சம்மன் வந்தால் பொண்டாட்டி போவதுதானே என்று முருகம்மாளும் போய்விட்டாள்.

கோர்ட்டில் அவர்கள் கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டு கோர்ட்டும் ஒன்றையே சொல்லியிருக்க, நான் எதற்கு இதைத் திறக்க வேண்டும் என்றார் ஜட்ஜ். முருகம்மாளுக்கு இங்கிலீஷ் புரியவில்லை. ஃபைலை மூடப் போன கை புரிந்தது. அஸ்ரின் ஒரே ஒரு காகிதத்தை நீட்டினாள். பூலோகத்தின் இறப்புச் சான்றிதழ்.

கை நின்றது.

ஓனரின் வக்கீல் துள்ளி எழுந்தார். ஆறு வருசமும் வந்து நின்றது இந்தம்மா, மறைத்ததும் இவள்தான் என்றார். ஜட்ஜ் முருகம்மாளை ஹிந்தியில் கேட்டார், ஏன் மறைத்தாய் என்று. மறைக்கவில்லை சாப், என் பேரைத்தான் எழுதினேன் என்றாள் அவளும் ஹிந்தியில். ஜட்ஜ் வக்காலத்தை அஸ்ரினிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

“முருகம்மாள்,” என்று அஸ்ரின் உரக்கப் படித்தாள்.

ஜட்ஜின் உதடு லேசாகக் கோணியது. செத்தவர் மேல் போட்ட கேஸில் பொண்டாட்டி வந்து வாதாடினால் அந்தத் தீர்ப்பு செல்லுமா? இது கேட்க வேண்டிய கேள்விதான் என்றார். பிறகு இரண்டே வார்த்தை: ரூல், ஸ்டே. அஸ்ரினின் விரல்கள் முருகம்மாளின் மணிக்கட்டை நெரித்தன.

வராந்தாவில் ஏழு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். ஜெயிச்சாச்சா என்றான் வேல்ராஜ்.

“இல்ல. கேஸ எடுத்துக்கிட்டாரு,” என்றாள் அஸ்ரின். “விசாரிச்சு முடியுத வரைக்கும் ஒருத்தனும் பூட்டுப் போட முடியாது.”

முருகம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “பெறவு என்னல மரம் மாதிரி நிக்கிய? அங்க மிஷின் சும்மா கெடக்கு. வண்டியப் பிடிங்க.”