நெருப்புக்கோழி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மனைவியோடு காரில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். நாள் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம். பாதி வழியில், காட்டுக்குள் நுழைந்ததும் சாலையில் தடுப்பு. ஓரமெல்லாம் புகை.

“ஐயோ, காடு பத்திக்கிச்சு!” என்றார்.

“பத்தலங்க, பத்த வைக்கிறாங்க. இப்பவே சருகை எரிச்சுட்டா கோடையில பெருந்தீ வராது.” சொல்லி முடிப்பதற்குள் அவள் கதவைத் திறந்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் வனத் தீயணைப்புக் குழுவில் இருந்தது அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டது தெரிந்த மாதிரி, அவ்வளவுதான்.

“ஏய், நெருப்புக்கோழி!”

புகைக்குள்ளிருந்து குழுத்தலைவன் கத்தினான். அவள் ஓடினாள். கடையில் அலுங்காமல் நடக்கிறவள், ஓடினாள். இப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பதையே அவள் சொன்னதில்லை.

தலைவன் ஒரு தலைக்கவசத்தையும், மூக்கில் தீ சொட்டும் எண்ணெய்க் கேனையும் கொடுத்தான். அவள் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றைப் பார்த்தாள். பிறகு சருகின் மேல் தீயைக் கோலமிழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே போனாள். அவன் ஏதோ சொல்ல, தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கணவரின் ஜோக்குக்கெல்லாம் மூக்கால் ஒரு சிரிப்புதான்.

அவன்மேல்தான் கோபம் என்று முதலில் நினைத்தார். அவனோ மறுகோடிக்குப் போய்விட்டான். அவள் தனியாக நின்றாள், முகத்தில் அதே வெளிச்சம். ஆள்மேல் பொறாமை என்றால் சண்டையாவது போடலாம். நெருப்போடு என்ன சண்டை போடுவது?

ஹாரனை அழுத்தினார். கையை எடுக்கவில்லை.

அதே நேரம் “கிளை! தள்ளிப் போ!” என்று யாரோ கத்தியது அவள் காதில் விழவில்லை. அவள் காரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். ஓடிவந்த ஒருவன் அவள் தோளைப் பிடித்து இழுக்க, எரிகிற கிளை அவள் நின்ற இடத்தில் விழுந்தது.

காருக்குத் திரும்பியவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“ஹாரன் எதுக்கு அடிச்சீங்க?”

“கை பட்டுருச்சு.”

“அவ்வளவு நேரமா?”

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். “அங்க சிரிச்ச மாதிரி நீ நம்ம வீட்டுல ஒருநாளும் சிரிச்சதில்ல.”

அவள் மறுக்கவில்லை. அதுதான் சுருக்கென்றது.

“அடுத்த சீசனுக்கு ஆள் வேணுமாம். வரேன்னு சொல்லிட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?”

“கேக்கணும்னுதான் நெனச்சேன். ஹாரனைக் கேட்டதும் அந்த நெனப்பு போயிருச்சு.”

சொன்னபடியே போனாள். இப்போது கடையில் அவர் தனியாகத்தான் கண்ணாடி மாட்டிக் காட்டுகிறார். “வீட்டம்மா எங்க, காணோம்?” என்று யாராவது கேட்டால், “காட்டுக்குத் தீ வைக்கப் போயிருக்கா” என்கிறார். அவர் குரலில் இருப்பது பெருமை என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.