நட்சத்திரம் போட்ட சொல்

ஆல்பிரெஹ்ட் தீனமன் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தாறு. அவரைப் போல அந்த ஊரில் ஒரு டஜன் பேர் இருந்தார்கள். எங்காவது ஒரு பேராசிரியர் கண்ணை மூடினால்தான் இவர்களில் ஒருவருக்கு வேலை, வேலை கிடைத்தால்தான் கல்யாணம். 1887 நவம்பரில் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் கண்ணை மூடினார். தீனமனுக்காக ஒட்டிலி என்ற பெண் பதினோரு வருடமாக மோதிரம் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். முதல் நான்கு வருடம் தலையணை உறைகளில் இரண்டு பேரின் முதலெழுத்தையும் தைத்தாள். அப்புறம் தைப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்தப் பேராசிரியர் நாற்காலிக்குப் போட்டி போட தீனமனிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.

இந்தத் தொழிலே ஒரு விசித்திரம். வங்காளத்திலிருந்து ஐஸ்லாந்து வரை பேசப்படும் பல மொழிகளுக்குத் தாயாக ஒரு மொழி இருந்தது என்பார்கள். அதை எழுதிவைத்தவர் யாருமில்லை. பிள்ளைகளின் முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாயின் முகத்தை வரைவதுபோல, இருக்கும் மொழிகளை வைத்து அந்தத் தாய்மொழியின் சொற்களை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு எடுப்பார்கள். அப்படி எடுத்த சொல்லின் தலையில் ஒரு சின்ன நட்சத்திரம் போடுவார்கள். இதை எந்த மனிதக் காதும் கேட்டதில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

தீனமன் எடுத்த சொல் ஒரு மெல்லிய படலத்தைக் குறித்தது. சமஸ்கிருதத்தில், பழைய சடங்கு நூல் ஒன்றில், அது பாலின் மேல் படியும் ஆடை. கிரேக்கத்தில் ஆறிவரும் புண்ணின் மேல் கட்டும் தோல். இரண்டு சாட்சி போதாது, மூன்றாவது வேண்டும். லிதுவேனியர்களின் மொழியில் அது உயிரோடு இருந்தால் எப்படி ஒலிக்கும் என்று ஒலி மாற்ற விதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். 'யெர்வே' என்று வந்தது. தண்ணீர் மேல் படியும் மெல்லிய பனிக்கட்டி என்று பொருளாக இருக்கலாம் என்றும் எழுதிவைத்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் லிதுவேனிய மீனவர்கள் வாழும் மெமல் துறைமுகத்துப் பக்கம் காயல் கரைக்குப் போய், எர்த்மே என்ற மீனவப் பெண்ணின் வாயிலிருந்து அதே சொல்லை, அதே பொருளில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். லிதுவேனிய வடிவத்தின் தலையில் இருந்த நட்சத்திரத்தைத் தன் கையாலேயே சுரண்டி எடுத்தார். குடிப்பழக்கமே இல்லாத மனிதர் அன்று தனியாக உட்கார்ந்து ஒரு பெரிய குவளை பீர் குடித்தார்.

இப்போது அதே நாற்காலிக்குப் போட்டியிட்ட சைஃப்ரீட் என்ற இளைஞன், மூக்குக்கண்ணாடிக்குள் எப்போதும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவன், பத்திரிகையில் எழுதியிருந்தான்: "அந்தச் சொல் கடலோடிகளிடமிருந்து வாங்கிய கடனாக ஏன் இருக்கக் கூடாது?"

தீனமன் அதைப் படித்துச் சிரித்தார். கடன் சொல்லைக் கண்டுபிடிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வீட்டில் பிறந்த சொல் அந்த வீட்டின் மாற்றங்களையெல்லாம் பட்டிருக்கும். பிற்பாடு வந்து சேர்ந்த சொல்லில் ஏதாவது ஒரு மாற்றம் குறையும். பழைய தழும்பு இருக்காது. யெர்வே எல்லா மாற்றமும் பட்டிருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஒரே ஒரு பெண்ணின் வாய்ச்சொல் போதாது, இன்னொருவர் முன்னிலையில் மறுபடி கேட்டு, அவர் கையெழுத்தோடு அனுப்புங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

"போயிட்டு வந்துடுங்க," என்றாள் ஒட்டிலி. "மப்ளரை மறக்காதீங்க. திரும்பி வரும்போது எனக்கு நாப்பது முடிஞ்சிருக்கும். பரவாயில்ல, கேக் மிச்சம் வைக்கிறேன்."

எர்த்மே இறந்து இரண்டு வருடமாகிவிட்டது. காயல் கரைக்கு வந்து இறங்கிய பிறகுதான் அது தீனமனுக்குத் தெரிந்தது. உள்ளூர்ப் பாதிரியார் லாக்னர்தான் சாட்சியாக வர ஒத்துக்கொண்டவர். லிதுவேனிய மொழியிலேயே பிரசங்கம் செய்பவர். "மக இருக்கா, வாங்க டாக்டர்," என்று சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மகள் இல்ஷே நல்ல வாட்டசாட்டமான பெண். பேச்சு ஓயாது. இவர்களைக் கண்டதும் புகைபோட்ட விலாங்குமீனையும் கறுப்பு ரொட்டியையும் மேஜையில் வைத்தாள். காயல் அப்போதுதான் உறைய ஆரம்பித்திருந்தது. தீனமன் வாயைத் திறப்பதற்குள் அவள் ஜன்னலைத் தட்டி வெளியே கத்தினாள்:

"டேய் மிகேலிஸ்! தங்கச்சிய இழுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வா! அது யெர்வேடா, கால வச்சா உள்ள போயிடுவ! எத்தன தடவ சொல்றது?"

பாதிரியார் புருவத்தை உயர்த்தினார். தீனமனுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. ஒரு தாய் பயத்தில் கத்திய சொல் அது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பாதிரியார் அங்கேயே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டில் ஒரு கிழவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

"இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கங்க," என்றாள் இல்ஷே. "அன்னிக்கு மாதிரி பட்டினி கிடந்துட்டுப் போகாதீங்க. அம்மா சாகுற வரைக்கும் உங்களச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

"என்ன சொல்லுவாங்க?"

"நீங்க தினமும் வந்து நிப்பீங்களாமே. யெர்வே உண்டா, யெர்வே உண்டான்னு. பத்து நாள்! அம்மா இல்லன்னு சொல்லும். நீங்க அம்மா வச்ச சாப்பாட்ட அப்படியே விட்டுட்டு எழுந்து போயிடுவீங்களாம். பாவம்டி, பெத்த புள்ளயத் தொலைச்சவர் மாதிரி திரியறாருன்னு சொல்லும். எங்க ஊர்ல வீடு தேடி வந்து கேட்டவங்கள வெறுங்கையா அனுப்புற வழக்கமில்ல டாக்டரய்யா. உப்போ, மீனோ, எதுவும் இல்லன்னா ஒரு விறகாவது குடுத்துடணும். நீங்க எதையும் வாங்கிக்கல, அந்த ஒண்ணத்தான் கேட்டீங்க. பதினோராம் நாள் அம்மா உண்டுன்னு சொல்லிருச்சு."

தீனமன் ரொட்டியை மேஜையில் வைத்தார்.

"அன்னிக்கு மூணு தட்டு சாப்பிட்டீங்களாமே!" அவள் சிரித்தாள். "அப்புறம் எங்க அப்பா கேலியா சொல்ல ஆரம்பிச்சாரு, போகாதீங்க, டாக்டரோட யெர்வே இன்னும் கெட்டியாகலன்னு. அப்படியே ஊர் முழுக்கப் பரவிடுச்சு. நல்ல சொல்லு, வாய்க்கு ரொம்ப சுகமா இருக்கு. உங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்களா?"

"இல்லம்மா. எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க."

விடுதி அறையில் பழைய நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். அவர் நூறு முறை பார்த்த பக்கம்தான். பத்து நாள் 'இல்லை', பதினோராம் நாள் 'உண்டு', அதன்கீழ் இரட்டைக் கோடு. ஒவ்வொரு நாளும் கேள்விக்குள்ளேயே சொல்லை வைத்துத்தான் கேட்டிருந்தார். சாட்சியின் வாயில் நீங்களே சொல்லைப் போடாதீர்கள் என்று வருடா வருடம் முதல் வகுப்பில் சொல்பவர் அவர்தான். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மக்கள் வாயில் ஆயிரக்கணக்கான வருடம் புழங்கிய சொல் எங்காவது கொஞ்சம் தேய்ந்துபோயிருக்கும். யெர்வேயில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் இத்தனை வருடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். கடலோடிகளும் இல்லை, யாரும் இல்லை. அந்த ஊர் அந்தச் சொல்லை அவரிடமிருந்துதான் கடன் வாங்கியிருந்தது. தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. எர்த்மேமேல் கோபப்பட்டுப் பார்த்தார், வரவில்லை.

லைப்சிக் திரும்பியதும் ஒட்டிலியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது.

"பாதிரியார் கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"அவர் எழுதினது பொய்யா?"

"பொய் இல்ல. அவர் காதால கேட்டதத்தான் எழுதியிருக்காரு."

"அந்தம்மா போயாச்சு. மகளுக்கு இது என்ன விஷயம்னே தெரியாது. அந்தப் புள்ளைங்க நாளைக்கும் அதத்தான் சொல்லும். அப்ப அது அவங்க சொல்லுதானே? இந்த உலகத்துல எவன் கடன் வாங்காமப் பேசறான்?"

"ஒட்டிலி, அது அவங்க சொல்லுதான். ஆனா பழைய சொல்லு இல்ல. அதுக்கு ஒன்பது வயசு."

"நம்ம நிச்சயதார்த்தத்துக்குப் பதினொண்ணு," என்றாள் அவள். பாதியில் நின்ற கத்தியை அழுத்தி வெட்டி முடித்தாள். பிறகு கேக் துண்டைத் தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "அனுப்ப வேண்டியத அனுப்புங்க. எதை அனுப்பினீங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. உங்க முகத்தப் பார்த்தா எனக்கே தெரிஞ்சுடும்."

அவர் பாதிரியாரின் காகிதத்தோடு நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் கிழித்து இணைத்து அனுப்பினார். இதழுக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதினார்: யெர்வேக்கு மறுபடி நட்சத்திரம் போடவும். நாற்காலி சைஃப்ரீடுக்குப் போனது. அவன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களைப் போல நேர்மையானவரைப் பார்த்ததில்லை," என்று உண்மையாகவே சொன்னான். அதுதான் தீனமனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஒட்டிலி சண்டை போடவில்லை, மோதிரத்தைக் கழற்றவும் இல்லை. பிரசவத்தில் அக்காள் இறந்துவிட, நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வசந்தத்தில் டிரெஸ்டனுக்குப் போனாள். ஒரு மாதம் என்றுதான் போனாள். முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது, பிறகு மாதம் ஒன்று. அவர் ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருகிறாய் என்று கேட்பார். அவள் குழந்தைகளின் பல்லையும் இருமலையும் பற்றி எழுதுவாள்.

மூன்றாவது குளிர்காலத்தில், நம் ஊரில் தை பிறந்திருக்கக்கூடிய ஒரு காலையில், அவளிடமிருந்து பாதிப் பக்கம் வந்தது:

"கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். இன்று காலை ஆற்றங்கரைக்குக் குழந்தைகளோடு போனேன். நடுவில்வரை யெர்வே. படகும் விட முடியாது, நடந்தும் போக முடியாது. சின்னவள் இதற்கு என்ன பெயர் சித்தி என்றாள், சொல்லிக்கொடுத்தேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. நாமும் அதன்மேல்தான் இத்தனை வருடம் நின்றிருக்கிறோம். நான் கரைக்கு வந்துவிட்டேன் ஆல்பிரெஹ்ட். நீங்களும் வந்துவிடுங்கள்."

கடிதத்துக்குள் மோதிரம் ஒரு துணித்துண்டில் சுற்றியிருந்தது. அது தலையணை உறையிலிருந்து வெட்டிய துணி. இரண்டு முதலெழுத்தும் அதில் இருந்தன.

அவர் மறுபடி மறுபடி படித்தார். பழக்கதோஷத்தால் கை தானாகப் பேனாவை எடுத்து, நட்சத்திரம் போட யெர்வேயின் தலைக்கு மேல் போனது. அவள் கையெழுத்தில் அங்கே நட்சத்திரம் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.