அனுப்பலாமா, சார்?

ஆக்ஸிஜன் முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் துணை அதிகாரியான டாக்டர் குனிந்து கேட்டார்.

"சார், உங்களை வெளிய பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா, சார்?"

கால்மாட்டில் நின்றிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனிதரிடமே போய் அனுமதி கேட்கிறார்களே, இது என்ன கூத்து!

கேட்காமலும் முடியாது. ராணுவத்தின் அத்தனை ஆஸ்பத்திரிகளுக்கும் அவர்தான் தலைவர். நம் வீரனை நாமே பார்ப்போம், வெளியாரிடம் போய் நிற்க மாட்டோம் என்பது அவர் வகுத்த திட்டம். தன்னைக் கேட்காமல் ஒரு நோயாளியையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது அவரே போட்ட உத்தரவு. மீறிய டாக்டர் ஒருவரை எல்லைக்குத் தூக்கியடித்த கதையை ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவளும் சிரித்து வைத்தாள். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவதென்றாலும் அவரைக் கேட்டாக வேண்டிய வீடு அது.

தலையணையில் அவர் தலை இப்படியும் அப்படியும் புரண்டது.

"வேணாங்கிறாரும்மா." துணை அதிகாரியின் நெற்றியெல்லாம் வியர்வை.

"அவருக்கு நினைவே இல்ல தம்பி. காலையிலேர்ந்து என்னையே யாருன்னு தெரியல."

"தெரியுதும்மா. ஆனா..."

"இங்கயே ஆபரேஷன் பண்ண முடியுமா?"

"இதயத்துக்குப் பண்ற வசதி இங்க இல்லம்மா. வெளிய ஹெலிகாப்டர் ரெடியா நிக்குது."

"அப்புறம் என்ன பாத்துட்டு நிக்கிறீங்க?"

துணை அதிகாரி சுவரைப் பார்த்தார். மற்ற டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள். குண்டு விழுகிற இடத்தில் நின்று கை கால்களைத் தைத்தவர்கள், கண் மூடிக் கிடக்கும் ஒருவருக்கு இப்படி நடுங்கினார்கள். பிழைத்து எழுந்து, யாரைக் கேட்டு அனுப்பினாய் என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தோடுதான் அவள் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். செத்துவிடுவாரோ என்று ஒரு பக்கம் பயம். பிழைத்து வந்து கேட்பாரே என்று இன்னொரு பக்கம். இதில் எது பெரிது என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

"தூக்குங்க," என்றாள். யாரும் அசையவில்லை.

"தூக்குங்கன்னு சொல்றேன்ல! அவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

வீட்டில் அவர் தொலைபேசியில் கத்துகிற அதே குரல். அது தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஓடினார்கள். ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் சக்கரத்தின் பூட்டை விடுவித்தார். கட்டில் வாசல்வரை போயிருக்கும். இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரம் விடாமல் கூவ ஆரம்பித்தது.

நடைவழியிலேயே நிறுத்தி நெஞ்சை அழுத்தினார்கள். ஊசி போட்டார்கள், மறுபடி அழுத்தினார்கள். ஹெலிகாப்டரின் இரைச்சலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. துணை அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கை ஓய்ந்துகொண்டே வந்தும் அவர் அழுத்துவதை விடவில்லை. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போதும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் அவர் அழுத்திக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா... நிறுத்தலாமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள், பழக்கத்தில், கட்டிலில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்தாள்.