ஏழாம் தாளில் ஒரு படிக்கட்டு

வாருங்கள், வந்து இந்த மண்டபத்தின் நடுவில் நில்லுங்கள். குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை, இது நோயாளி உறங்கும் அறையன்று. சுவர் நெடுகப் பன்னிரண்டு தாள்கள் தொங்குகின்றன. எல்லாத் தாள்களிலும் வானம் துவைத்து உலர்த்தியது போல் வெளுத்திருக்கிறது. மரங்கள் வரிசை தப்பாமல் நிற்கின்றன. காகித மனிதர்கள் காகித நிழலில் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். மேலே பதாகை: "வீடற்றோருக்கு வீடு, மக்களே தேர்ந்தெடுக்கும் வடிவமைப்புப் போட்டி." இந்த அழகுக்கு நடுவே ஓர் அநியாயத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவள் பட்டம் பெற்றவள் அல்லள். கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு திரியும் ஒரு தையற்காரி. அவளுக்குச் சாட்சியாக நிற்கத்தான் நீங்கள் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள்.

அவள் குடியிருப்பது ஒரு பழைய நூல் கிடங்கில். அங்கே பதினெட்டுக் குடும்பங்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. போர்வை உண்டு, தார்ப்பாய் உண்டு, அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகள் உண்டு. இங்கே ஒருவர் இருமினால் நான்கு குடும்பம் தள்ளி ஒருத்தி, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாள். வாடகை கொடுக்க முடியாமல் பத்து ஆண்டுகளாக ஒவ்வொருவராக வந்து ஒதுங்கிய இடம் அது. முன்பு மாடியிலும் குடியிருந்தார்கள். பதினான்கு மாதங்களுக்கு முன், பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டு தையற்காரியின் கணவனோடு சேர்ந்து விழுந்தது. மூட்டை தூக்கிப் பிழைத்தவன் அவன். விழுந்த படிக்கட்டைப் பழைய இரும்பு வியாபாரி அறுத்து எடுத்துப் போனான். உடைந்த இடுப்பை எடுத்துப் போக எவரும் வரவில்லை. மாடி சன்னலோரம் கிடந்த தையல் மிஷினை அன்று கயிறு கட்டிக் கீழே இறக்கியவள், அதற்குப் பிறகு வெளிச்சம் போதாத மூலையில்தான் ஊசியில் நூல் கோக்கிறாள்.

நாற்பது நாள்களுக்கு முன் அந்தக் கிடங்கு வாசலில் ஒருவர் ஒலிபெருக்கியோடு வந்து இறங்கினார். போட்டியை நடத்தும் அமைப்பின் செயலாளர். எதிரே ஒரே ஒரு ஆள் நின்றாலும் மைக்கில்தான் பேசுவார் என்பதால், மாலைக்குள் கிடங்கு முழுவதும் அவருக்கு "மைக்" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"இது உங்க போட்டி! பன்னிரண்டு குழு உங்க இடத்தை வந்து பார்க்கும், அளக்கும், வரையும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். நடுவர் அஞ்சு பேர்ல ஒருத்தர் உங்க ஆளு!"

எழுதப் படிக்கத் தெரிந்தவள், அளவு தெரிந்தவள் என்று தையற்காரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. கேட்காமலே கொடுக்கிறார்களே, எதற்காக? பத்து ஆண்டுகளாக ஒரு குழாய்க்கு மனு எழுதி விரல் தேய்ந்த இடத்தில், திடீரென்று பன்னிரண்டு குழுக்கள் எங்கிருந்து முளைத்தன? அவள் சந்தேகம் இப்படி ஓடியது என்றால், அக்கம்பக்கத்தின் சந்தேகம் அவள் மீதே ஓடியது.

"அண்ணி, உனக்கு மட்டும் தனி வீடு எழுதி வெச்சுட்டாங்களாமே?" என்று தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் கேட்டாள். அவள் ஒரு பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவள். பெருக்குவதுபோலவே பேச்சிலும் மூலை முடுக்கை விட மாட்டாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? நேத்து கார்ல கொண்டுவந்து விட்டாங்க. இன்னிக்குக் கழுத்துல அட்டை தொங்குது. நாளைக்கு எங்களைப் பார்த்தா யாருன்னு கேப்பே."

"நீ யாருன்னு இப்பவே மறக்கத்தான் பார்க்கறேன், முடியலையே!"

படுக்கையில் கிடந்த கணவன் சிரித்தான். சிரித்தால் இடுப்பு வலிக்கும். ஆகையால் பாதியில் நிறுத்தினான். "எதுல கையெழுத்துப் போட்டாலும் ரெண்டு தடவை படி," என்றான்.

அளவெடுக்கும் நாள் வந்தது. குழுவினர் கூட்டமாய் நுழைந்து போர்வைகளை விலக்கிப் பார்த்தார்கள். ஓர் இளைஞன் கையடக்கக் கருவி ஒன்றைச் சுவரை நோக்கி நீட்டினான். சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தது. பிள்ளைகள் அதைப் பிடிக்க ஓடினார்கள். தையற்காரியின் கை அப்படியே நின்றது. அந்தப் புள்ளியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

"தம்பி, இது கரண்ட் ஒயர் பார்க்கிற மிஷினா?"

"இல்லக்கா, தூரம் அளக்கிறது. நாடா மாதிரிதான்."

படிக்கட்டு விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒருவர் தனியாக வந்திருந்தார். மின்சார ஒயரைச் சோதிக்க வந்ததாகச் சொன்னார். இதே சிவப்புப் புள்ளி. இதே போலப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். அவர் மாடி ஏறும்போது, சன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த அவளே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "சார், அஞ்சாவது படி இல்ல. பலகை போட்டிருக்கோம், பார்த்து வாங்க." அவர் பார்த்துத்தான் வந்தார், நின்று நிதானமாய்ப் பார்த்தார். ஒயர் பார்க்க வந்தவர் தூரத்தை ஏன் அளந்தார்? கேள்வியை அவள் மடித்து மனத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு நாள் காலை, நடுவர் ஐவர் இதே மண்டபத்தில் கூடினார்கள். மைக், ஒரு கட்டடக்கலைப் பேராசிரியை, ஒரு பத்திரிகை ஆசிரியர், கிடங்கு உரிமையாளரின் ஆள், தையற்காரி. தாள்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஏழாம் தாளுக்கு முன்னால் அவள் கால் தானாக நின்றது. "நாளை" என்று தலைப்பிட்ட பெரிய படத்தில் ஒரு மூலை வீடு. அதில் அகலமான சன்னல். சன்னலருகே ஒரு தையல் மிஷின். நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்? வெளிச்சத்தில் உட்கார்ந்து தைக்கும் ஆசை என்ன, கோட்டை கட்டும் ஆசையா?

மைக், முதல் முறையாக மைக் இல்லாமல், காதருகே பேசினார். "ஏழுதாங்க்கா எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அந்த மூலை வீடு உங்களுக்குன்னே வெச்சுக்குங்களேன். இதுல ஒரு கையெழுத்து."

இரண்டு தாள்கள் சேர்த்துப் பின் அடித்திருந்தன. முதல் தாள் மதிப்பெண். அவள் கணவன் சொன்னபடி இரண்டு தடவை படித்தாள். பிறகு இரண்டாம் தாளைப் புரட்டினாள். குடியிருப்போர் சார்பில் ஒப்புதல்: முடிவு அறிவித்த முப்பது நாள்களில் கிடங்கைக் காலி செய்கிறோம். தற்காலிக இருப்பிடம் என்ற இடத்தில் வெறும் கோடு. திரும்பி வரும் தேதி என்ற இடத்திலும் வெறும் கோடு. ஒரு கையெழுத்து, பதினெட்டுக் குடும்பங்கள் தெருவில்.

"இந்தக் கோட்டுல என்ன சார் எழுதுவீங்க?"

"அதெல்லாம் அப்புறம் நிரப்பிக்கலாம்க்கா."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல், மறுபடி ஏழாம் தாளுக்குப் போனாள். தைத்துக் கொடுத்த துணியை வாங்குகிறவர்கள் வெளிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். தைக்கிறவள் உள்பக்கத்துத் தையலைப் பார்ப்பாள். பெரிய படத்தை விட்டுவிட்டு, கீழே மூலையில் "இன்று" என்றிருந்த சின்னப் படத்தின் மீது அவள் குனிந்தாள்.

அங்கே கிடங்கு இருந்தது. மாடி இருந்தது. மாடி சன்னலோரம் அவளுடைய மிஷின் இருந்தது. பின்பக்கத்தில் இரும்புப் படிக்கட்டு நின்றது. ஐந்தாம் படிக்குப் பதிலாக ஒரு பலகை. அதன் பக்கத்தில் எறும்பு போன்ற எழுத்தில் ஒரு குறிப்பு. விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள்: "கடும் துரு. பாரம் தாங்காது."

மண்டபம் அவளைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. போட்டி பிறந்தது நாற்பது நாள்களுக்கு முன். படிக்கட்டு செத்தது பதினான்கு மாதங்களுக்கு முன்!

அவள் மற்றத் தாள்கள் ஒவ்வொன்றிலும் "இன்று" படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தாள். பதினொன்றிலும் படிக்கட்டு இருந்த இடத்தில் வெறும் சுவர்.

"சார், இது எப்ப வரைஞ்சது?"

மைக் எட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை. "ஏதாவது ஆபீஸ் பைல்ல இருந்த பழைய படமா இருக்கும்க்கா."

"பைல்ல என் மிஷின் எப்படி சார் வந்துச்சு? அந்தப் பலகை, எங்க கட்டில் உடைஞ்சப்ப நான் கொண்டுபோய் வெச்சது. அதுவும் பைல்ல இருக்கா?"

உரிமையாளரின் ஆள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஒரு படிக்கட்டுக்கு இவ்வளவு பேச்சா?"

"அந்தப் படிக்கட்டுலதான் சார் எங்க வீட்டுக்காரர் இடுப்பு போச்சு."

பேராசிரியை எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏழாம் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசைக்குத் திரும்பி, தாம் ஏற்கெனவே கையெழுத்திட்ட மதிப்பெண் தாளை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து மூடினார். அந்த அம்மையார் யார் பக்கம்? தையற்காரிக்கு அதிலும் சந்தேகம்தான்.

பிற்பகலில் நாற்காலிகள் நிறைந்தன. பதினெட்டுக் குடும்பங்களும் முன்வரிசைகளில், கணவன் ஊன்றுகோலோடு மூன்றாம் வரிசையில், பக்கத்தில் நாத்தனார். மேடையில் மைக் தம் சொந்த உலகத்துக்குத் திரும்பியிருந்தார். "வெற்றி பெற்றது ஏழாம் எண்! இப்ப உங்க பிரதிநிதி, உங்க கையாலேயே, ஒப்புதல் கையெழுத்து..."

கைதட்டினார்கள். இத்தனை பேர் நடுவில் மாட்டேன் என்று சொல்ல எவளுக்குத் துணிச்சல் வரும் என்ற கணக்கு அது. தையற்காரி மேடை ஏறினாள். பேனாவை மேசையில் வைத்தாள். ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம கட்டில் பலகை எத்தனாவது படியில இருந்துச்சு?"

"அஞ்சாவது," என்றான் கணவன். "அதுக்கென்ன இப்ப?"

"அது இந்தப் படத்துல இருக்கு. போட்டின்னு ஒண்ணு வர்றதுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே, ஒயர் பார்க்கறேன்னு ஆள் வந்து அளந்து வரைஞ்சிருக்காங்க. பாரம் தாங்காதுன்னு பக்கத்துலயே எழுதியும் வெச்சிருக்காங்க. தாள்ல எழுதினவங்களுக்கு நம்மகிட்ட சொல்ல வாய் வரல. அதுக்கப்புறம் ரெண்டே மாசத்துல நீங்க விழுந்தீங்க."

கணவன் ஊன்றுகோலை ஊன்றி, மெல்ல எழுந்து நின்றான்.

அவள் மைக்கின் பக்கம் திரும்பினாள். "அளவு எடுக்காமயே துணியை வெட்டி, தைச்சு, பட்டனும் வெச்சுட்டீங்க. இப்ப வந்து நாடாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, இது என்ன சார் நாடகம்? எங்களை வெளிய அனுப்பணும்னு ரொம்ப நாள் முன்னாடியே..."

ஒலிபெருக்கி அணைந்தது. யார் அணைத்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லாருக்கும் தெரிந்தது.

"அண்ணி!" என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. "மைக் இல்லாட்டி என்ன? உன் தொண்டைக்கு என்ன கொறைச்சல்? பேசு!"

அவள் மேசையிலிருந்த ஒப்புதல் தாளை எழுத்து விடாமல் உரக்கப் படித்தாள். தற்காலிக இருப்பிடம் வந்ததும் "கோடு" என்றாள். திரும்பி வரும் தேதி வந்ததும் "கோடு" என்றாள். தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். விழா ஒத்திவைக்கப்பட்டதாகப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

அன்று மாலையே மைக்கின் ஆட்கள் கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். ஒருவர் கையெழுத்து கிடைக்காவிட்டால் பதினெட்டு. ஒவ்வொரு தார்ப்பாயாகத் தூக்கி, தனித்தனியாகக் கேட்கப்போகிறார்கள். "அந்தத் தையக்காரம்மாவுக்கு மூலை வீடாமே," என்று ஒருத்தியிடம் ஒரு பேச்சு. "பக்கத்து வீட்டுக்காரங்க போட்டுட்டாங்க," என்று மற்றவளிடம் ஒரு பேச்சு. சந்தேகத்தை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிட்டால் வேலை எளிது. நாத்தனார் துடைப்பத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கணவன் ஊன்றுகோலோடு அவள் பக்கத்தில். உள்ளே மூலையில் மிஷின் ஓடுகிறது. மூன்று பேர் எத்தனை நாள் வாசலைக் காப்பார்கள்?

பார்த்துவிட்டீர்கள். இனிப் பார்க்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. தாள்கள் சனிக்கிழமை வரை இந்தச் சுவரில் இருக்கும். ஏழாம் தாளின் மூலையில் விரலை வைத்து, "இதை எப்போது வரைந்தீர்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தேதியை எழுத்தில் வாங்குங்கள். அந்த இரண்டு கோடுகளும் நிரப்பப்படும் வரை எவரும் பேனாவைத் திறக்கக் கூடாது என்று கூடி நின்று சொல்லுங்கள். பிறகு பேசிக்கொண்டு நிற்காதீர்கள். கிடங்கு வாசலுக்கு நடங்கள். அங்கே இன்னும் உட்கார இடமிருக்கிறது.